சுவரில் இருந்த பாபா

1

யாழ்ப்பாணத்தில் சிறு சஞ்சிகை ஒன்று நடத்தும் என் பள்ளித் தோழன் போன கிழமை தொலைபேசி எடுத்தான். நான் சீன மொழி படித்த கதை எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது.

"மச்சான், நீ சீனாவிலயே போய் நிண்டு சீனம் படிச்சனியாம். எங்கட ஆக்களில ஆர் அப்பிடிச் செய்தவை? சுவையா ஒண்டு எழுதித் தாவன். பெருஞ்சுவர், நூடில்ஸ், குச்சியால சாப்பிட்டது, அப்பிடி. இடையில ரெண்டு பகிடியும் போடு."

எழுதுகிறேன். ஆனால் பெருஞ்சுவரை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு சமையலறைச் சுவர். பகிடியும் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டுச் சிரிப்பவன் என் முன்னால் வராமல் இருப்பது நல்லது. என் மகள் அன்னா சீனாவிலிருந்து திரும்பி வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பயணக் கட்டுரை வேண்டுமென்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

2

அன்னாவின் தாய் லின், சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள். மொன்றியலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே காதலித்தது, கல்யாணம் பேசியது, சண்டை பிடித்தது எல்லாம் பிரெஞ்சில்தான். இன்றைக்கும் அப்படித்தான். மகளுக்கு அன்னா என்று பெயர் வைத்ததும், மூன்று மொழிக்காரரும் நாக்குப் புரளாமல் கூப்பிடட்டும் என்றுதான்.

லின்னுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பெரிய வெதுப்பகம் ஒன்றில் பாண் பொதி செய்யும் வேலை, பகலும் இரவும் மாறி மாறி வரும். இங்கே குழந்தைகள் காப்பகத்தைக் கார்தெரி என்பார்கள். அரசாங்கம் செலவில் பங்கெடுக்கும் கார்தெரியில் இடம் வேண்டுமென்றால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிய வேண்டும். பதிந்தோம். மொன்றியலின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த அத்தனையிலும் பதிந்தோம். எப்போது கேட்டாலும் ஒரு இனிமையான குரல், உங்கள் பெயர் இருக்கிறது மெஸ்யூ, கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லும். நான் பொறுமையாக இருக்கலாம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? தனியார் காப்பகத்தில் விட்டால் லின்னின் சம்பளம் அப்படியே அங்கே போய்விடும்.

லின்னின் தாய் விருந்தாளி விசாவில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். விசாவை நீட்டித் தரும்படி விண்ணப்பித்தோம். முடியாது என்று பதில் வந்தது. காரணம் என்று எழுதியிருந்த வசனத்தை நான் எத்தனை தரம் வாசித்தும் அதில் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமி புறப்படும் நாள் நெருங்கியபோது லின் சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா அன்னாவையும் கொண்டு போகட்டும். கார்தெரியில இடம் கிடைச்ச உடன கூப்பிடலாம்."

"உனக்கென்ன விசரே? எட்டு மாசப் பிள்ளை."

"எங்கட தொழிற்சாலையில என்ர ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான் அனுப்பினவை. பிள்ளையள் நல்லாத்தான் வளருதுகள்."

உண்மைதான். அவள் ஊர்க்காரரிடையே அது வழக்கம். பிள்ளை பிறக்கும், சில மாதங்களில் ஊருக்குப் போகும், பள்ளிக்கூட வயதில் திரும்பி வரும். யாரும் அதை ஒரு பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. பிள்ளை தப்பிப் பிழைக்கட்டும் என்று என் தாய் தகப்பன் என்னை இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். இந்த நாட்டில் பிறந்த என் பிள்ளையை வைத்திருக்க இடமில்லை என்று நான் வெளியே அனுப்பினேன். இதை ஒரு முன்னேற்றம் என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்தட்டும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது மன்னார் அந்தோனி அண்ணை பகிடி விட்டார்.

"என்ன தம்பி, உலகமே சீனாவில இருந்து இறக்குமதி செய்யுது. நீர் ஏத்துமதி செய்துபோட்டீராம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப நீங்கள் பாத்திருப்பியளோ அண்ணை? ஒரு கிழமை? உங்கட வீட்டில மூண்டு பேர் வேலை இல்லாமல்தானே இருக்கினம்?"

அவர் தேநீருக்குள் சீனி போட்டுக் கலக்கத் தொடங்கினார். ஏற்கெனவே போட்டதை மறந்துவிட்டார் போல.

3

ஞாயிறு தோறும் தெப்பனர் என்று இங்கே சொல்லும் பக்கத்து மூலைக்கடையில் தொலைபேசி அட்டை வாங்கிச் சீனாவுக்கு எடுப்போம். முதலில் அன்னாவின் மழலை கேட்டது. பிறகு சொற்கள் வந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லின் சிரிப்பாள், கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைப்பாள். என்ன சொன்னாள் என்று கேட்டால், "ஒண்டுமில்லை, சாப்பிட்டாளாம்" என்பாள். என் பிள்ளை சொன்னதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவையா? அடுத்த சனிக்கிழமையே ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் ஒரு சீனத் தேவாலய மண்டபத்தில் நடந்த மாண்டரின் வகுப்பில் சேர்ந்தேன்.

பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, பிறகு ஆற்றைக் கடந்து இன்னொரு பஸ். சீனர் கூட இவ்வளவு தூரம் போய்ச் சீனம் படிக்க மாட்டார்கள். வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். சென்னைக்காரர், பொறியியலாளர், பெயர் ரமணன்.

"நெக்ஸ்ட் இருபது வருஷம் சைனாதான் சார். ஒலிம்பிக்ஸ் வேற வரப்போகுது. இப்பவே மாண்டரின் கத்துக்கிட்டா எங்கயோ போயிடலாம். நீங்க எந்த லைன்? இம்போர்ட்டா?"

"இல்லை. என்ர மகள் அங்க வளருறா. அவவோட கதைக்க வேணும்."

"ஓ, இந்த வயசுலயே அங்க அனுப்பிட்டீங்களா? சூப்பர் பிளானிங் சார்! அப்படி ஊறிப்போய்க் கத்துக்கிட்டாத்தான் லாங்குவேஜ் ஒட்டும்."

நல்ல மனிதர். பனி கொட்டும் நாட்களில் தன் காரில் என்னை மெட்ரோ வரை கொண்டுபோய் விட்டவர். ஆனால் அன்றைக்கு அவர் கையிலிருந்த கோப்பியை அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. பிளானிங்காம். மற்றவர்கள் எதிர்காலத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த வகுப்பில், என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஒன்றை எட்டிப் பிடிக்க நான் படித்துக்கொண்டிருந்தேன். "இவர் என் அப்பா. என் அப்பா ஒரு வைத்தியர்" என்று புத்தகத்தில் இருந்தது. வைத்தியரை விட்டுவிட்டு முதல் வசனத்தை மட்டும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வருவேன். அன்னா என்னைக் காட்டி அதைச் சொல்லும்போது எனக்கு விளங்க வேண்டுமே.

4

கார்தெரியிலிருந்து இடம் இருக்கிறது என்று அழைப்பு வந்தபோது அன்னாவுக்கு இரண்டரை வயது. லின்னுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு தனியே போனேன்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். வெதுப்பகத்துக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர், மீசைக்காரர்கள் முகத்துக்கும் வலை போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். தலைக்கு வலை, கைக்கு உறை, இனி மூஞ்சைக்கும் வலையா? வந்த கோபத்தில், இளந்தாரிக் காலத்திலிருந்து வைத்திருந்த மீசையை வழித்தெறிந்தேன்.

விமானத்தால் இறங்கிப் பஸ் எடுத்தேன். நடத்துனரோடு மாண்டரின் பேசினேன், விளங்கியது. பக்கத்தில் இருந்த பெண்ணோடு பேசினேன், அதுவும் விளங்கியது. புரோசார்ட் ஆசிரியையை மனதுக்குள் வாழ்த்தினேன். அந்தச் சந்தோஷம் லின்னின் தகப்பனான மாமாவின் வீட்டுப் படலை வரைதான். உள்ளே எல்லாரும் பேசியது வேறு மொழி. அந்தக் கரையின் ஊர் மொழி, மாண்டரினோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாண்டரின் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் பேசும் மொழி. அன்னா பேசியது ஊர் மொழி மட்டும். லின்னுக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன்.

"ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"அம்மா அப்பாவுக்கு மாண்டரின் தெரியுந்தானே. அவையோட கதைக்கலாம்."

அவர்களோடு கதைக்கவா ஒன்றரை வருடம் பஸ் ஏறினேன்?

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அந்த வீட்டில் ஒரு வழக்கம். சிறியவர்கள், பெரியவர்கள் ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்ன பிறகுதான் தாங்கள் வாயில் வைக்கலாம். அன்னா கதிரையில் முழங்காலில் நின்று தொடங்கினாள். "அகோங், சாப்பிடுங்கோ" என்று அம்மப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு அம்மம்மாவை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே மேசைக்கு நேரே நானும் லின்னும் குளிர்கால மேலங்கியோடு நிற்கும் படம் தொங்கியது. அதில் எனக்குப் பெரிய மீசை.

"பாபா, சாப்பிடுங்கோ" என்று படத்திலிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற தாயையும் கூப்பிட்டாள். பிறகு அமைதியாகக் கரண்டியைக் கையில் எடுத்தாள். படத்துக்குக் கீழே உயிரோடு இருந்த என்னை அவள் கூப்பிடவில்லை.

மாமா குச்சியைக் கீழே வைத்தார். என்னைக் காட்டி, இவர்தான் பாபா, கூப்பிடு என்றார். அன்னா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது. மாமா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஒருவரும் சாப்பிடவில்லை. சூப்பின் மேல் எண்ணெய் உறைந்தது. நான் பரவாயில்லை என்று மாண்டரினில் சொன்னேன். அவர் அசையவில்லை. கடைசியில் அன்னா அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "ஷூஷூ, சாப்பிடுங்கோ" என்றாள். தெருவில் போகும் எந்த ஆணையும் பிள்ளைகள் கூப்பிடும் முறை அது.

நான் சாப்பிட்டேன். அவ்வளவு கோபத்தோடு என் ஆயுளில் ஒருநாளும் சோறு தின்றதில்லை. என் படத்தின் மேல் எனக்கே பொறாமையாக இருந்தது. மறுநாள் காலையில் படத்தைக் கழட்டச் சொன்னேன்.

"நீர் வந்து ஒரு நாள்," என்றார் மாமா. "படம் இவ்வளவு காலமா அதில நிக்குது. உம்மைக் காட்டிக் காட்டித்தான் இவளுக்குச் சோறு தீத்தினனாங்கள். கழட்ட மாட்டன். அவள் தானாக் கூப்பிடட்டும்."

படத்தை மாட்டியது அவர்தான் என்று மாமி பிறகு சொன்னார். பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பு அவளுக்காக அவரே படத்தைக் கூப்பிடுவாராம். பேச்சு வந்த பிறகு அவள் மறந்தால், கூப்பிடும் வரை குச்சியைத் தொட மாட்டாராம். "தூரத்தில இருந்தாலும் அவையும் இந்த மேசையிலதான் இருக்கினம்" என்று சொல்வாராம். அதைக் கேட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல மனிதர் மேல் கோபப்பட முடியாமல் போவது ஒரு பெரிய கரைச்சல்.

நான் அங்கே நின்ற நாட்களில் மாமா என்னை விடியப் புறத்திலேயே மீன் சந்தைக்குக் கூட்டிப் போவார். மீனைத் தொட்டு மாண்டரினில் ஒரு தரம், ஊர் மொழியில் ஒரு தரம் பெயர் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். சந்தை முழுவதும் சிரிக்கும். எந்த நாடு, எவ்வளவு சம்பளம், ஏன் ஒரு பிள்ளையோடு நிற்பாட்டினாய், ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு சீனன் வந்து நின்றால் நாங்களும் இதையேதான் கேட்போம். அன்னாவின் விசா காலாவதியாகி இருந்ததால் வெளியேறும் பத்திரம் எடுக்கப் பொலிஸ் கந்தோருக்கும் அலைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் மாண்டரினைப் பாராட்டிவிட்டு நாளைக்கு வா என்றார். மறுநாளும் பாராட்டிவிட்டு நாளைக்கு வா என்றார். சீனத்தில் திட்டப் படித்தது அந்த வரிசையில்தான். அன்னா என்னோடு விளையாடினாள், என் தோளில் தூங்கினாள். ஆனால் மேசைக்கு வந்தால் பாபா சுவரில் இருந்தார், நான் ஷூஷூவாகவே இருந்தேன்.

புறப்படும்போது மாமா ஒரு பொதி கச்சான் மிட்டாயை அவளுடைய சின்னப் பைக்குள் வைத்தார். அவளைத் தூக்கவில்லை. தூக்கினால் விட மாட்டேன் என்று நினைத்தாரோ தெரியாது. வீட்டுக்குள் போய் வானொலியைச் சத்தமாகப் போட்டார்.

5

மொன்றியல் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த பெண் அதிகாரி அன்னாவை நோக்கிக் குனிந்தார். "போன்ஜூர் மா பெல். இவர் யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். அன்னா என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அன்னாவின் கடவுச்சீட்டில் இருந்ததோ தலைமயிர் முளைக்காத ஒரு கைக்குழந்தையின் படம். தாய் வரவில்லை. தாய் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு எங்களை ஒரு பக்க அறைக்குக் கூட்டிப் போனார்.

தொலைபேசியில் ஒரு சீன மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தக் குரல் மாண்டரினில், உன்னோடு வந்திருப்பவர் யார் அம்மா என்று கேட்டது. அவ்வளவு மாண்டரின் அன்னாவுக்கு விளங்கியது.

"ஷூஷூ," என்றாள்.

"யாரோ ஒரு ஆண் என்கிறாள்" என்று அந்தக் குரல் பிரெஞ்சில் சொன்னது. அதிகாரியின் முகம் மாறியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். நான் இவளின் தகப்பன் என்று பிரெஞ்சில் கத்தினேன். தொலைபேசியைப் பார்த்து மாண்டரினில் கத்தினேன். பிறகு யாருக்கென்று தெரியாமல் தமிழில் கத்தினேன். மூன்று மொழியிலும் அந்த ஒரு வசனம் எனக்குப் பாடம். மூன்றும் செல்லவில்லை. உட்காருங்கள் மெஸ்யூ, பொறுமையாக இருங்கள் என்றார் அதிகாரி. அந்தச் சொல்லை எனக்குச் சொல்லாத கந்தோர் இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை.

அன்னாவுக்குப் பசித்திருக்க வேண்டும். பையைத் திறந்து ஒரு கச்சான் மிட்டாயை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை. முதலில் அதிகாரியைப் பார்த்து, அன்ரி, சாப்பிடுங்கோ என்றாள். என்னைப் பார்த்து, ஷூஷூ, சாப்பிடுங்கோ என்றாள். பிறகு மேசையில் திறந்து கிடந்த என் கடவுச்சீட்டு அவள் கண்ணில் பட்டது. அதில் மீசையோடு நான்.

"பாபா!" என்றாள். அந்த வீட்டைவிட்டு வந்த பிறகு முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. "பாபா, சாப்பிடுங்கோ."

அதற்குப் பிறகுதான் மிட்டாயை வாயில் போட்டாள். பாபா என்றால் அப்பா என்று தொலைபேசிக் குரல் மொழிபெயர்த்தது. அதிகாரி கடவுச்சீட்டைத் தூக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏன் மெஸ்யூ மீசையை வழித்தீர்கள்?"

அவருக்கு அது பகிடி. என் பகிடி என்று முதலில் சொன்னேனே, அதுவும் இதுதான். வெளியே லின் கண்ணாடிக் கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். என்னோடு கதைக்காமல் பிள்ளையைப் பறித்தாள். பிள்ளை அவளைப் பார்த்து வீரிட்டு அழுதாள்.

6

அன்றே சவர அலகைக் குப்பையில் போட்டேன். மேற்பார்வையாளரிடம் போய், முகத்துக்கு வலையைத் தா என்று நானே கேட்டு வாங்கினேன். மீசை வளர வளர அன்னா என்னை உற்றுப் பார்ப்பாள், விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் பின்னேரம் மேசையில், மீசையைப் பார்த்துக்கொண்டே, "பாபா, சாப்பிடுங்கோ" என்றாள். நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் மேசைக்கு நேரே மாமா மாமியின் படத்தை மாட்டினோம். தொடக்கத்தில் அவள் அகோங்கைத்தான் முதலில் கூப்பிட்டாள், பிறகுதான் எங்களை. கார்தெரிக்குப் போகத் தொடங்கினாள். அங்கே அவளை ஒருவரும் எதற்கும் காத்திருக்க வைக்கவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் ஊர் மொழியும், விளங்கிய கொஞ்ச மாண்டரினும், மேசையில் கூப்பிடும் வழக்கமும் ஒன்றாகப் போய்விட்டன. தமிழ் போகவில்லை, வந்திருந்தால்தானே போவதற்கு. இப்போது எங்கள் வீட்டில் அவளுடைய பிரெஞ்சுக்கு முன்னால் எங்கள் பிரெஞ்சு வெட்கப்பட்டு நிற்கிறது.

போன மாதமும் அவள் வந்து உட்கார்ந்த கையோடு சாப்பிடத் தொடங்கினாள். அகோங்கைக் கூப்பிடு என்றேன். படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அது வெறும் படம்தானே, பாப்பா" என்றாள் பிரெஞ்சில். பிரெஞ்சில் அப்பாவுக்குப் பாப்பா. மாமாவைப் போல நானும் கையைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன். அவள் தட்டை முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். மேசையில் ஓங்கி அடித்தேன். கோப்பை விழுந்து உடைந்தது.

"விடு," என்றாள் லின். "அவள் குழந்தை."

குழந்தைதான். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மனிதர் அத்தனை காலம் ஒரு நேரச் சாப்பாடு தவறாமல் என் இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். அவருடைய இடத்தை ஒரு குளிர்காலம் கூட என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

ஞாயிறு காலையில் இப்போதும் எடுக்கிறோம். அன்னா தொலைபேசிக்கு வர மாட்டாள். வந்தாலும் அவர் பேசுவது அவளுக்கு விளங்காது. லின் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, குரல் உடைவதற்கு முன் என்னிடம் தந்துவிடுவாள். ஆகவே நான் படித்த சீனம் முழுவதும் மாமாவோடு கதைக்கத்தான் உதவுகிறது. அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். சோறு ஆறுகிறது என்று மாமி பின்னாலிருந்து சத்தம் போடுவது கேட்கும். அவர் மற்ற எதையும் கேட்பதில்லை.

"கூப்பிடுறாளோ?"

இந்த ஞாயிறும் கேட்டார். அடுத்த அறையில் அன்னா தொலைக்காட்சியோடு சேர்ந்து பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"ஓம் மாமா. ஒவ்வொரு நாளும் கூப்பிடுறா. உங்களைத்தான் முதல் கூப்பிடுறவ."

அங்கே மேசையிலிருந்து குச்சி எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சரி," என்றார். "இனிச் சாப்பிடுறன்."